பப்புவா மலையில் மறையும் பனியும் பள்ளத்தாக்கில் கொல்லும் பனியும்

வெப்பவலயத் தீவொன்றின் மலையுச்சியில் வெண்பனி பொழிகின்றது என்ற செய்தியை ஒரு விந்தையாக வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவதே பலரது வழக்கமாகும். ஆனால் அந்த வெண்பனி இல்லாதொழிந்து வருகின்றது என்பதும், அது இல்லாதொழியும் அதே ஆண்டுகளில் அம்மலையின் அடிவாரத்து மக்கள் உறைபனியினாலும் பஞ்சத்தினாலும் மடிகின்றார்கள் என்பதும் விந்தைச் செய்திகளல்ல. அவை காலநிலை மாற்றத்தையும் அரசியல் உரிமையையும் ஒருங்கே தொட்டு நிற்கும் விடயங்களாகும்.

2025 ஆம் ஆண்டினைப் பனிக்கட்டியாறுகளைப் பாதுகாப்பதற்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை பிரகடனப்படுத்தியிருந்தது. மார்ச் மாதம் 21 ஆம் திகதி அதற்கான உலக தினமாகவும் அவ்வாண்டிலிருந்து அனுஷ்டிக்கப்படுகின்றது. இதனையொட்டி இமயத்தைப் பற்றியும் அல்ப்ஸைப் பற்றியும் அந்தீஸைப் பற்றியும் நிறையவே பேசப்பட்டது. ஆனால் இமயமலைக்கும் அந்தீஸ் மலைக்கும் இடைப்பட்ட வெப்பவலயத்தில் எஞ்சியுள்ள இறுதிப் பனிக்கட்டியைத் தாங்கி நிற்கும் நியூகினித் தீவு உரிய கவனத்தைப் பெறவில்லை. அத்தீவின் மேற்குப் பாதி இந்தோனேசியாவின் ஆளுகைக்கு உட்பட்ட பப்புவாவாகும். கிழக்குப் பாதி பப்புவா நியூகினி என்னும் சுதந்திர நாடாகும். பனிக்கட்டி இருப்பது மேற்குப் பாதியிலேயே ஆகும்.

தமிழில் பனி என்ற ஒரே சொல்லினாலேயே பலவற்றையும் குறிப்பிடுகின்றோம். ஆதலால் இக்கட்டுரையில் ஒரு வேறுபாட்டினை வாசகர்கள் மனதிற்கொள்ள வேண்டும். வானிலிருந்து மழைக்குப் பதிலாகப் பொழிவது வெண்பனி. தெளிந்த இரவுகளில் நிலமும் இலையும் குளிர்ந்து, அவற்றின் மேல் படிந்து பயிரைக் கருக்குவது உறைபனி. முன்னையது பப்புவாவின் சிகரங்களில் குறைந்து வருகின்றது. பின்னையது அதன் பள்ளத்தாக்குகளில் உயிர்களைப் பறிக்கின்றது. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றினாலும் இவற்றின் பின்னணியில் இருப்பது ஒரே நிகழ்வுதான்.

நம்ப மறுக்கப்பட்ட மலை

1623 ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மாலுமியான யான் கார்ஸ்டென்ஸ் நியூகினியின் தென்கரையோரமாகப் பயணம் செய்தபோது, தொலைவில் வெண்பனி மூடிய உயர்ந்த மலைகளைக் கண்டதாகப் பதிவு செய்தார். பூமத்திய கோட்டுக்கு அண்மையில் வெண்பனி இருக்க முடியுமா என்று ஐரோப்பாவில் அவர் எள்ளி நகையாடப்பட்டதாகக் கூறப்படுகின்றது. 1658 இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அதே கம்பனிதான் இது. அக்கம்பனிக்கு வேண்டியிருந்தது வாசனைத் திரவியங்களேயன்றி வெண்பனியல்ல. எனவே அந்த அவதானிப்பு நீண்டகாலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1909 இல், லோரென்ஸ் என்னும் ஒல்லாந்து ஆய்வாளரின் தலைமையிலான குழுவினர் அத்தீவின் நிலையான பனியை நேரில் சென்றடைந்தபோதே கார்ஸ்டென்ஸின் கூற்று ஐயத்துக்கிடமின்றி உறுதியானது.

இன்று புன்சாக் ஜாயா என்று அழைக்கப்படும் அம்மலைத்தொடரின் சிகரம் 4,884 மீற்றர் உயரமானது. உலகின் தீவுகளில் உள்ள மலைச் சிகரங்களுள் இதுவே மிக உயர்ந்ததாகும். பூமத்திய கோட்டிலிருந்து தெற்கே ஏறத்தாழ நான்கு பாகையில் அது அமைந்துள்ளது. அதாவது எமது தீவின் தென்கோடியான தேவேந்திரமுனையைக் காட்டிலும் அது பூமத்திய கோட்டுக்கு நெருக்கமானது.

அவ்வாறான இடத்தில் வெண்பனி பொழிவதற்கான காரணம் மிக எளிமையானது. ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு பாகை செல்சியஸ் வீதம் குறைகின்றது. கடல் மட்டத்தில் 27 பாகையாக இருக்கும் வெப்பநிலை 4,500 மீற்றர் உயரத்தில் உறைநிலையை எட்டிவிடுகின்றது. அதற்கு மேலே மேகம் சுரப்பது வெண்பனியாக விழும். மேற்குப் பசுபிக்கின் வெதுவெதுப்பான கடலிலிருந்து எழும் ஈரக்காற்று அம்மலைகளில் மோதுவதால் ஆண்டு முழுவதும் பொழிவுக்குக் குறைவிருக்கவில்லை. எமது பீதுறுதாலகாலை மலையின் உயரம் 2,524 மீற்றர் மாத்திரமே என்பதால் அங்கு வெண்பனி பொழிவதில்லை. ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் நுவரெலியாவின் தேயிலைக் கொழுந்தைக் கருக்குவது உறைபனியேயாகும்.

பப்புவாவின் பனிக்கட்டி, உறைநிலைக் கோட்டின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கின்றது என்பதே இங்கு கவனிக்க வேண்டியதாகும். துருவப் பனியோ இமயத்துப் பனியோ உறைநிலைக்கு மிகக் கீழான குளிரில் இருக்கின்றது. பப்புவாவிலோ வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தாலே உறைநிலைக் கோடு நூற்றைம்பது மீற்றருக்கு மேல் ஏறிவிடுகின்றது. அந்த நூற்றைம்பது மீற்றருக்குள் இதுவரை வெண்பனியாக விழுந்தது மழையாக விழத் தொடங்குகின்றது. வெண்பனி விழுந்தால் பனிக்கட்டி வளரும். அதே பனிக்கட்டியின் மேல் மழை விழுந்தால் அது கரையும். வளர்த்த வானமே கரைக்கவும் செய்கின்றது.

சுருங்கிய கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அம்மலைத்தொகுதியில் ஏறக்குறைய 20 சதுர கிலோமீற்றர் பனிக்கட்டி இருந்திருக்க வேண்டுமென ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். 1936 இல் அன்ரன் கொலைன், டோசி, விசல் ஆகிய மூவரும் அங்கு சென்றபோது அது சுமார் 13 சதுர கிலோமீற்றராக இருந்தது. 1970 களின் முற்பகுதியில் அவுஸ்திரேலிய ஆய்வுக் குழுவினர் அளந்தபோது ஏறத்தாழ 7 சதுர கிலோமீற்றராகக் குறைந்திருந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டு சதுர கிலோமீற்றரைச் சற்றே தாண்டியது. 2018 இல் அரைச் சதுர கிலோமீற்றரும் இருக்கவில்லை. 2024 ஆம் ஆண்டின் அளவீடுகளின்படி எஞ்சியிருந்தது 0.2 சதுர கிலோமீற்றருக்கும் குறைவானதேயாகும். ஐம்பது ஏக்கருக்கும் குறைந்த இந்தப் பரப்பு எமது மலையகத்தில் ஒரு தோட்டத்தின் சிறு பிரிவுக்கு ஒப்பானது.

இதே தீவில் புன்சாக் திரிகோரா சிகரத்திலும் புன்சாக் மண்டாலா சிகரத்திலும் இருந்த பனிக்கட்டிகள் கடந்த நூற்றாண்டிலும் அதன் முடிவை ஒட்டிய காலத்திலும் முற்றாக மறைந்துவிட்டன. புன்சாக் ஜாயாவின் மேரன் என்னும் பனிக்கட்டியாறும் 2000 ஆம் ஆண்டளவில் இல்லாதுபோனது.

2010 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹையோ அரச பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லொனி தொம்சன் என்னும் விஞ்ஞானியின் தலைமையிலான குழுவினர், இந்தோனேசிய வளிமண்டலவியல், காலநிலையியல், புவிப்பௌதிகவியல் முகவரகத்துடன் இணைந்து அங்கு பனிக்கட்டியைத் துளையிட்டு மாதிரிகளை எடுத்தனர். அன்று அதன் தடிப்பு 32 மீற்றர். அவர்கள் தங்கியிருந்த நாட்களில் பனிக்கட்டியின் மேல் மழை பெய்தது. அங்கு நடப்பட்ட அளவுகோல்கள் 2010 முதல் 2015 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மீற்றர் வீதம் தடிப்பு குறைந்ததைக் காட்டின. 2015 - 2016 இல் ஏற்பட்ட கடும் எல்நினோவின்போது அது ஆண்டுக்கு ஐந்து மீற்றருக்கு மேலானது. இந்த முடிவுகளை 2019 இல் வெளியிட்ட ஆய்வாளர்கள், அடுத்த பத்தாண்டுக்குள் பனிக்கட்டி முற்றாக மறையும் என்றனர். 2026 ஆம் ஆண்டளவிலேயே அது நிகழக்கூடும் என இந்தோனேசிய முகவரகம் எதிர்வுகூறியிருந்தது.

தென்னமெரிக்காவின் வெனிசுவேலாவில் எஞ்சியிருந்த ஹம்போல்ட் பனிக்கட்டியாறு, பனிக்கட்டியாறு என்ற வரையறைக்குள் அடங்காத அளவுக்குச் சுருங்கிவிட்டதாக 2024 இல் அறிவிக்கப்பட்டது. தனது பனிக்கட்டியாறுகள் அனைத்தையும் இழந்த நாடுகளின் வரிசையில் இந்தோனேசியாவும் இணையும் நாள் தொலைவில் இல்லை.

ஒரே வானம், இரு அழிவுகள்

எல்நினோ என்பது பசுபிக் சமுத்திரத்தின் வெப்பநீர்ப் பரப்பு கிழக்கு நோக்கி நகரும் நிகழ்வாகும். அவ்வேளைகளில் நியூகினியின் மீது மேகமும் மழையும் குறைகின்றன. காற்றின் வெப்பநிலை உயர்ந்து உறைநிலைக் கோடு மேலேறுகின்றது. புதிய வெண்பனி விழாததால் பழைய பனிக்கட்டியின் அழுக்குப் படிந்த மேற்பரப்பு வெளிப்படுகின்றது. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பியனுப்பும். கருமை அதனை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே உருகல் மேலும் விரைவுபடுகின்றது.

அதே மேகமற்ற வானம் பள்ளத்தாக்குகளில் வேறுவிதமாகத் தொழிற்படுகின்றது. மேகம் என்பது இரவில் நிலத்துக்குப் போர்வை போன்றது. அந்தப் போர்வை விலகியதும் நிலத்தின் வெப்பம் வானுக்குச் சென்றுவிடுகின்றது. குளிர்ந்த கனமான காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகின்றது. பொதுவாக 2,200 மீற்றருக்கு மேற்பட்ட நிலங்களிலும், கடுமையான ஆண்டுகளில் அதற்கும் தாழ்வான இடங்களிலும் உறைபனி படிகின்றது. பகலெல்லாம் வரட்சி, இரவெல்லாம் உறைபனி என்ற நிலையில் பயிர்கள் வாரக்கணக்கில் கருகிப்போகின்றன.

அங்கு விளைவது பிரதானமாக வற்றாளங்கிழங்கு ஆகும். தென்னமெரிக்காவிலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன்னர் அத்தீவை வந்தடைந்த இக்கிழங்கே உயர்நிலத்து மக்களின் உணவு. அவர்களது பன்றிகளின் தீவனமும் அதுவே. நெல்லைப் போன்று அறுவடை செய்து களஞ்சியப்படுத்தக்கூடிய பயிரல்ல இது. நிலமே களஞ்சியமாகும். தேவைக்கேற்ப நாளாந்தம் தோண்டியெடுத்து உண்பதே வழமை. எனவே உறைபனி கொடியைக் கொன்றுவிட்டால் மக்களிடம் கையிருப்பு என்று எதுவும் இருப்பதில்லை. மீண்டும் நடுவதற்குக் கொடியும் இல்லை. தாழ்நிலத்திலிருந்து கொடி கொண்டுவந்து நட்டாலும் குளிர்ந்த உயர்நிலத்தில் கிழங்கு விளைய அரையாண்டுக்கு மேலாகும். பஞ்சத்தின் நீளத்தை நிர்ணயிப்பது இந்தக் கணக்கேயாகும்.

1997 இல் ஏற்பட்ட எல்நினோவின்போது தீவின் இரு பாதிகளிலும் வரட்சியும் உறைபனியும் ஒருங்கே தாக்கின. மேற்குப் பாதியில் மட்டும் பசியினாலும் நோயினாலும் பல நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர். அவுஸ்திரேலிய விமானப்படை இரு பாதிகளுக்கும் உணவு கொண்டு சென்றது. இருபத்தாறு ஆண்டுகள் கழிந்து, 2023 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், மத்திய பப்புவா மாகாணத்தின் புன்சாக் மாவட்டத்தைச் சேர்ந்த அகண்டுகுமே, லம்பேவி ஆகிய பகுதிகளில் உறைபனியும் வரட்சியும் பயிர்களை அழித்தன. குழந்தையொன்று உட்பட ஆறு பேர் உயிரிழந்தனர். ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்.

அப்பகுதிகளுக்கு வீதி வசதி இல்லை. சிறு விமானத் தளங்களை நம்பியே போக்குவரத்து நடைபெறுகின்றது. அதே ஆண்டு பெப்ரவரியில் அண்டையிலுள்ள நிதுகா மாவட்டத்தில் நியூசிலாந்து விமானி ஒருவர் பப்புவா விடுதலைக்காகப் போராடும் ஆயுதக் குழுவினரால் பணயக்கைதியாகப் பிடிக்கப்பட்டிருந்தார். அவர் 2024 செப்டெம்பரிலேயே விடுவிக்கப்பட்டார். எனவே விமானிகள் அங்கு தரையிறங்க அஞ்சினர். நிவாரணப் பொருட்கள் பாதுகாப்புப் படையினரின் துணையுடனேயே கொண்டு செல்லப்பட வேண்டியிருந்தன. படையினரைக் கண்டு அஞ்சும் மக்களும் அங்கு இருந்தனர். மோதல் சூழலில் உணவு வரும் பாதை அடைபடுவது எத்தகைய துயரம் என்பதை எமது வடக்கு, கிழக்கு வாசகர்களுக்கு விளக்கிக் கூற வேண்டியதில்லை.

எதிர்வுகூறல் வேறு, ஏற்பாடு வேறு

எல்நினோ திடீரென வரும் அனர்த்தமல்ல. பசுபிக் சமுத்திரத்தின் வெப்பநிலையைக் கொண்டு பல மாதங்களுக்கு முன்னரே அதனை எதிர்பார்க்க முடியும். எந்த உயரத்தில் உறைபனி படியும், எந்தப் பயிர் அழியும், எத்தனை மாதங்களுக்கு உணவு தேவைப்படும் என்பனவும் 1997 இன் அனுபவத்திலிருந்து அறியப்பட்டவையே. அவ்வாறிருந்தும் 2023 இல் ஆறு பேர் இறந்த பின்னரே அது தேசியச் செய்தியாகி, ஜனாதிபதி மட்டத்தில் பணிப்புரைகள் வழங்கப்பட்டன. உணவுக் களஞ்சியங்கள் அமைப்பது பற்றியும் அதன் பின்னரே பேசப்பட்டது. இங்கு குறைவாக இருந்தது விஞ்ஞானமல்ல. மலைவாழ் மக்களின் தேவையை முன்கூட்டியே அலுவலாக மாற்றும் நிருவாகமேயாகும்.

இன்னொரு விடயமும் சிந்தனைக்குரியது. அரச உதவி என்ற ஒன்று அறியப்படாத காலத்திலும் உறைபனி வந்துகொண்டுதான் இருந்தது. தீவின் கிழக்குப் பாதியில் வாழும் எங்கா மக்களிடையே ஆய்வு செய்த புவியியலாளர் எரிக் வடெல், அவர்கள் அதனை எதிர்கொண்ட முறைகளை 1970 களில் விரிவாகப் பதிவு செய்தார். உக்கிய இலைதழைகளை உள்ளே வைத்து மண்ணைப் பெரிய மேடுகளாகக் குவித்து, மேட்டின் உயர்ந்த பகுதியில் கிழங்கு நடுவது ஒரு முறை. குளிர்காற்று பள்ளத்தில் வடிந்துவிடக் கொடி தப்பும். வெவ்வேறு உயரங்களில் தோட்டங்களை வைத்திருப்பது இன்னொரு முறை. இரண்டும் பயனற்றுப்போகும் கடும் ஆண்டுகளில், தாழ்நிலத்தில் உள்ள உறவினரிடமும் பரிமாற்றத் துணைவரிடமும் குடும்பத்தோடு சென்று தங்குவர். உறவு என்பது அங்கு ஒரு காப்புறுதியாகவே பேணப்பட்டது.

1972 இல் உறைபனி தாக்கியபோது அன்றைய அவுஸ்திரேலிய நிருவாகம் பாரிய அளவில் உணவு வழங்கியது. மக்களை அவரவர் இடங்களிலேயே தங்கவைத்த அந்த நிவாரணம், இடம்பெயர்ந்து உறவினரிடம் அடைக்கலம் புகும் பழைய ஒழுங்கைப் பலவீனப்படுத்தியது என்பது வடெலின் விமர்சனமாகும். நிவாரணம் கூடாது என்பதல்ல இதன் பொருள். மக்களிடம் ஏற்கனவே உள்ள ஏற்பாட்டை அறிந்து அதனைப் பலப்படுத்துவதாக நிவாரணம் அமைய வேண்டும் என்பதேயாகும். இன்று மேற்குப் பாதியில் இடம்பெயரும் பாதைகளே மோதல்களால் தடைப்பட்டுள்ளன. வேறிடத்துக்குச் செல்லவும் முடியாது, உணவு வந்து சேரவும் முடியாது என்ற நிலையில் சிறிய உறைபனியும் பெரும் பஞ்சமாகின்றது.

இது எமக்கு அந்நியமான படிப்பினையல்ல. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன் குடியிருப்புகளை மூடியபோது, அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆனால் செல்வதற்குக் காணியில்லாத தொழிலாளிக்கு வெளியேறுமாறு கூறப்படும் எச்சரிக்கையால் பயனில்லை. பப்புவாவிலும் மலையகத்திலும் அறிவித்தல் என்பது வாழ்விடத்துக்கான உரிமையோடு சேரும்போதே உயிரைக் காக்கின்றது.

மலை யாருக்குரியது?

பப்புவாவின் பனிமலையைச் சுற்றி வாழும் அமுங்மே மக்கள் அதனை நெமாங்காவி என்று அழைக்கின்றனர். நிலத்தைத் தாயாகவும் பனிமுடியை அத்தாயின் தலையாகவும் கருதுவது அவர்களது மரபு. ஐரோப்பியர் அதற்கு கார்ஸ்டென்ஸின் பெயரைச் சூட்டினர். இந்தோனேசியா 1963 இல் மேற்கு நியூகினியின் நிருவாகத்தைப் பொறுப்பேற்ற பின்னர் அது சுகர்ணோ சிகரமானது. சுகர்ணோவின் ஆட்சி வீழ்ந்த பின்னர் வெற்றிச் சிகரம் எனப் பொருள்படும் புன்சாக் ஜாயா ஆனது. ஜயம் என்ற சொல்லே அங்கு ஜாயாவாக வழங்குகின்றது. ஒரு மலை இத்தனை பெயர் மாற்றங்களுக்கு உள்ளானபோதும் அங்கு வாழ்ந்தவர்களிடம் எவரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

1936 இல் பனிக்கட்டியைத் தேடிச் சென்ற மூவருள் ஒருவரான டோசி ஒரு புவிச்சரிதவியலாளர். மலையருகே கறுத்து நின்ற செம்புத் தாதுப் பாறையொன்றை அவர் அடையாளங்கண்டார். 1967 இல் சுகார்த்தோவின் அரசாங்கம் அமெரிக்காவின் பிரீபோர்ட் கம்பனியுடன் சுரங்க ஒப்பந்தம் செய்துகொண்டது. அப்பிரதேசம் இந்தோனேசியாவுடன் இணைவதா என்பதைத் தீர்மானிப்பதற்கான சுயதெரிவு நடவடிக்கை 1969 இலேயே நடைபெற்றது. அதிலும் முழு மக்களுக்கும் வாக்குரிமை வழங்கப்படவில்லை. தெரிவு செய்யப்பட்ட ஆயிரத்துச் சொச்சம் பிரதிநிதிகளே இணைவுக்கு ஆதரவளித்தனர். அதாவது மக்களின் விருப்பம் கேட்கப்படுவதற்கு இரண்டாண்டுகள் முன்னரே மலையின் செல்வம் ஒப்பந்தமாகிவிட்டது.

1988 இல் கண்டறியப்பட்ட கிராஸ்பேர்க் படிவு உலகின் மிகப்பெரும் தங்க, செம்புச் சுரங்கங்களுள் ஒன்றாக வளர்ந்தது. நாளொன்றுக்கு இரண்டு இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட கழிவு மண் ஆற்றில் விடப்பட்டு வந்தது. சுற்றாடல் பாதிப்பைக் காரணங்காட்டி நோர்வேயின் அரச ஓய்வூதிய நிதியம் 2006 இல் அக்கம்பனியிலிருந்து தனது முதலீட்டை மீளப்பெற்றது. அமுங்மே தலைவர்களுள் ஒருவரான ரொம் பெயனால் 1996 இல் அமெரிக்க நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு தள்ளுபடியானது. 2018 இறுதியில் இந்தோனேசிய அரசு சுரங்கத்தின் 51 சதவீத உரிமையைப் பெற்றுக்கொண்டது. அதில் பத்து சதவீதம் பப்புவாவின் பிராந்திய நிருவாகங்களுக்கென ஒதுக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றமேயாயினும், பங்கு கிடைப்பதும் தீர்மானிக்கும் அதிகாரம் கிடைப்பதும் ஒன்றல்ல.

இங்கு ஒன்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். பனிமுடிக்கு மிக அருகில் சுரங்கம் அமைந்திருப்பதால் சுரங்கமே பனியை உருக்கியது என முடிவுசெய்வது இலகுவானது. ஆனால் சுரங்கம் தொடங்குவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே பனிக்கட்டி சுருங்கத் தொடங்கிவிட்டது. சுரங்கமே இல்லாத திரிகோராவிலும் மண்டாலாவிலும் அது முற்றாகவே மறைந்தது. பூகோள வெப்பமாதலும் எல்நினோவுமே பிரதான காரணிகள் என்பது ஆய்வுகளின் முடிவாகும். தவறான குற்றச்சாட்டு நியாயமான குற்றச்சாட்டைப் பலவீனப்படுத்திவிடும். சுரங்கத்தின் மீதான நியாயமான கேள்வி ஆறு, நிலம், இழப்பீடு, சம்மதம் ஆகியன பற்றியது. பனியைப் பற்றிய கேள்வி நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துச் செல்வம் சேர்த்த நாடுகளை நோக்கியது. நிலக்கரியை ஏற்றுமதி செய்வதில் முன்னணி வகிக்கும் இந்தோனேசியாவும் அக்கேள்விக்கு விதிவிலக்கல்ல.

மின்சார வாகனங்களுக்கும் காற்றாலைகளுக்கும் பெருமளவில் தேவைப்படுவது செம்பு. பூமியின் வெப்பத்தைத் தணிப்பதற்கான அச்செம்பும் இதே மலையிலிருந்துதான் தோண்டப்படுகின்றது. புகையினால் பனியை இழந்தவர்களிடமிருந்தே புகையற்ற எதிர்காலத்துக்கான மூலப்பொருளும் பெறப்படுகின்றது. அதற்குரிய விலை அவர்களுக்குச் சென்றடைய வேண்டாமா என்பதே கேள்வி.

இப்பிரச்சினையை இஸ்லாமியப் பெரும்பான்மை அரசுக்கும் கிறிஸ்தவப் பழங்குடியினருக்கும் இடையிலான மதப் பிணக்காகச் சித்திரிப்போரும் உள்ளனர். அது பொருத்தமானதல்ல. பப்புவா மக்களின் நிலத்தைத் தமதென உரிமை கோரியவர்களுள் கிறிஸ்தவ ஒல்லாந்தரும் அடங்குவர். மலையை முதலில் தோண்டியது அமெரிக்கக் கம்பனி. இந்தோனேசியாவின் முஸ்லிம் மக்களிடையேயும் பப்புவாவுக்கு நீதி கோரிக் குரலெழுப்புவோர் இருக்கின்றனர். ஆள்வோரின் மதம் எதுவாயினும், தொலைவில் இருந்து ஆளப்படும் மலைநாடு எதிர்கொள்ளும் நிலைமை ஒரேவிதமானது.

ஹவாயின் எடுத்துக்காட்டு

வேறு வழி இல்லையா என்ற வினாவுக்கு இன்னொரு வெப்பவலயத் தீவு ஓரளவு விடை தருகின்றது. ஹவாயில் 4,207 மீற்றர் உயரமான மவுனா கியா சிகரத்தில் மாரிகாலத்தில் வெண்பனி பொழிகின்றது. அந்த வெண்பனியைப் பொலியாகு என்னும் பெண் தெய்வத்துடன் தொடர்புபடுத்துவது ஹவாய்ப் பூர்வீகக் குடிகளின் நம்பிக்கை. இந்நூற்றாண்டின் முடிவில் அங்கும் வெண்பனி ஏறக்குறைய இல்லாதுபோகலாம் என ஹவாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 இல் தெரிவித்தனர்.

அச்சிகரத்தில் முப்பது மீற்றர் விட்டமுடைய மாபெரும் தொலைநோக்கியை நிறுவும் திட்டத்துக்கு எதிராக 2015 இலும் 2019 இலும் பூர்வீகக் குடிகள் பாதையில் அமர்ந்து போராடினர். இவர்களுள் பலர் முதியோர். இதன் விளைவாக 2022 இல் இயற்றப்பட்ட சட்டம், மலையின் முகாமைத்துவத்தைப் பல்கலைக்கழகத்திடமிருந்து படிப்படியாகப் புதிய அதிகாரசபையொன்றுக்கு மாற்றியது. பூர்வீகக் குடிகளின் பிரதிநிதித்துவம் அச்சட்டத்திலேயே உறுதிசெய்யப்பட்டுள்ளது. ஹவாயின் எல்லாப் பிணக்குகளும் இதனால் தீர்ந்துவிடவில்லை. எனினும் மலையின் எதிர்காலம் பற்றிய தீர்மானத்தில் மலையைப் போற்றும் மக்களுக்கு ஆசனம் வழங்குவது நடைமுறைச் சாத்தியமானது என்பதை அது நிரூபித்துள்ளது.

பப்புவாவிலும் 2010 இல் இதன் ஒரு சிறு சாயல் தென்பட்டது. பனிக்கட்டி துளையிடப்பட்டதை அறிந்த உள்ளூர் மக்கள் தங்கள் தெய்வத்தின் தலை துளைக்கப்படுவதாகக் கொதித்தெழுந்தனர். பின்னர் ஆய்வாளர்கள் அவர்களோடு நீண்ட நேரம் கலந்துரையாடி, பனி அழிந்துகொண்டிருப்பதையும் அதன் நினைவுகளைக் காப்பதே நோக்கம் என்பதையும் விளக்கியபோது மாதிரிகளைக் கொண்டு செல்ல அவர்கள் உடன்பட்டனர். இன்று அம்மாதிரிகள் ஒஹையோவில் குளிரூட்டிய அறையொன்றில் இருக்கின்றன. சில காலத்தில் நெமாங்காவியின் பனி என்று எஞ்சியிருக்கப்போவது அவை மாத்திரமே.

செய்யக்கூடியவை

பனிக்கட்டியை இனிக் காப்பாற்ற இயலாது என்பதை ஏற்றுக்கொண்டாக வேண்டும். உலகின் புகை நாளையே நின்றாலும் எஞ்சியுள்ள சில மீற்றர் தடிப்புப் பனி மீளாது. ஆனால் பள்ளத்தாக்கில் நிகழும் மரணங்கள் தடுக்கக்கூடியவை. எல்நினோ அறிகுறி தென்பட்டவுடன் உணவும் நடுகைக் கொடியும் உயர்நிலக் கிராமங்களை முன்கூட்டியே சென்றடைய வேண்டும். எச்சரிக்கை அம்மக்களின் மொழியில், அவர்களது தேவாலயங்கள் வாயிலாகவும் கிராமத் தலைவர்கள் வாயிலாகவும் சேர வேண்டும். நிவாரண விமானங்களை இரு தரப்பும் தாக்காதிருக்கும் மனிதாபிமான உடன்பாடு ஒன்று எட்டப்பட வேண்டும்.

2001 இல் பப்புவாவுக்கு விசேட சுயாட்சி வழங்கப்பட்டது. 2022 இல் அப்பிரதேசம் ஆறு மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டது. நிருவாகத்தை மக்களுக்கு அருகில் கொண்டுசெல்வதே இதன் நோக்கம் என ஜகார்த்தா கூறியது. பலம்வாய்ந்த ஓர் அலகைத் துண்டாடும் செயல் என விமர்சகர்கள் கூறினர். இவ்விரு கூற்றுகளில் எது சரி என்பதைத் தீர்ப்பதற்கு மாகாணங்களின் எண்ணிக்கை அளவுகோலாகாது. அடுத்த எல்நினோ வரும்போது அகண்டுகுமேயில் உணவுக் களஞ்சியம் நிரம்பியிருக்கின்றதா, அதன் திறப்பு அவ்வூராரின் கையில் இருக்கின்றதா என்பதே அளவுகோலாகும்.

மாகாணம், அதிகாரப்பகிர்வு, காணி, எச்சரிக்கை ஆகிய சொற்கள் இலங்கையின் தமிழ், முஸ்லிம் மக்களுக்குப் பழக்கப்பட்டவை. அவை ஏட்டில் இருப்பதற்கும் நடைமுறையில் இருப்பதற்கும் இடையிலான தூரத்தையும் எமது மக்கள் அறிவர். ஆதலால் பப்புவாவின் மலைவாழ் மக்களின் கதையை வெறும் இயற்கை விநோதமாக அன்றி, காலநிலை அநீதியும் அதிகார அநீதியும் ஒரே இடத்தில் சந்தித்ததன் விளைவாக விளங்கிக்கொள்ள எமக்கே அதிக தகைமை உண்டு. காலநிலை மாநாடுகளில் இழப்பீட்டு நிதியைப் பற்றிப் பேசும் எமது பிரதிநிதிகள், அந்நிதி அரசுகளின் திறைசேரியோடு நின்றுவிடாமல் கிராமங்களைச் சென்றடைவதற்கான நிபந்தனைகளையும் சேர்த்தே வலியுறுத்த வேண்டும். பப்புவாவுக்கு மட்டுமன்றி நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் அது பொருந்தும்.